முட்டைப் பந்தும் மூச்சு முட்டும் ஓட்டமும்!

மைதானத்தில் விறுவிறுப்பாக ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வீரருக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வார்? ஓரமாய்ப் போய் உட்கார்ந்துவிடுவார், இல்லையா? அப்படி உட்கார வந்தவரைப் பயிற்சியாளரே மறுபடியும் உள்ளே அனுப்பினால்?

1998-ம் ஆண்டு ஜனவரி 25. அமெரிக்காவின் சான் டியாகோ நகரம். 'சூப்பர் பவுல்' என்ற மாபெரும் இறுதிப் போட்டி. டென்வர் பிராங்கோஸ் அணியும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் மோதுகின்றன. டென்வர் அணியில் டெரல் டேவிஸ் என்று ஒரு வீரர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. 'மைக்ரேன்' என்பார்களே, அதுதான். அது வரும்போது அவருக்குப் பார்வையும் மங்கிவிடும். அன்று ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் தலையில் பலமாக ஒரு அடி. அவ்வளவுதான், தலைவலி வந்துவிட்டது. எதிரே நிற்பவரே சரியாகத் தெரியவில்லை. பயிற்சியாளர் மைக் ஷானஹனிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

அப்போது டென்வர் அணி எல்லைக் கோட்டிலிருந்து ஒரே ஒரு கஜம் தூரத்தில் இருந்தது. மூன்று அடிதான்! பயிற்சியாளர் டேவிஸிடம், இந்த ஒரு முறை மட்டும் உள்ளே போய் நிற்கச் சொன்னார். பந்து அவரிடம் வராது. ஆனால் அவர் அங்கே இல்லாவிட்டால் எதிரணி ஏமாறாது!

டேவிஸ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அப்புறம் என்ன ஆச்சு? கொஞ்சம் பொறுங்கள். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அந்த விளையாட்டு என்ன, அதில் டேவிஸின் வேலை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காலால் உதைக்காத கால்பந்து!

பெயர் என்னவோ 'அமெரிக்கன் ஃபுட்பால்'. ஆனால் பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் கையில்தான்! பந்தும் உருண்டையாக இருக்காது. முட்டையை எடுத்து இரண்டு முனையையும் கூராக்கிவிட்ட மாதிரி இருக்கும். கீழே விழுந்தால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மைதானம் 100 கஜம் நீளம். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், துணிக்கடையில் கஜக் கணக்கில் துணி வாங்கிய கதை சொல்வார்கள். ஒரு கஜம் என்றால் 3 அடி. ஆக, 300 அடி நீளம், 160 அடி அகலம். இரண்டு பக்கமும் கோட்டுக்கு அப்பால் 10 கஜத்துக்கு ஒரு பகுதி இருக்கும். அதன் பெயர் 'எண்ட் ஸோன்'. எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டு சேர்த்துவிட்டால் அது 'டச்டவுன்'. 6 புள்ளிகள்!

ஓர் அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் கொடுப்பார்கள். அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடியும் புதிதாக 4 வாய்ப்புகள். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தோடு ஓடுகிறவரை எதிரணியினர் பிடித்துக் கீழே தள்ளியதும் அந்த வாய்ப்பு முடிந்தது. எல்லோரும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடிதான் ஆட்டம்!

முன்னேற இரண்டு வழி. ஒன்று, 'குவார்ட்டர்பேக்' என்பவர் பந்தைத் தூரமாக வீசுவார், இன்னொருவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். இரண்டாவது, பந்தை ஒருவர் கையில் கொடுத்து, "ஓடு ராசா!" என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஓடுகிறவர்தான் நம் கதாநாயகன், 'ரன்னிங் பேக்'!

"அட, இது நம்ம கபடி மாதிரியே இருக்கே!" என்று தோன்றுகிறதா? கொஞ்சம் அப்படித்தான். மடக்கிப் பிடிப்பது, வழுக்கிக்கொண்டு தப்பிப்பது எல்லாம் உண்டு. ஆனால் கபடியில் பாடிப் போகிறவர் தன்னந்தனியாகப் போவார். இங்கே ரன்னிங் பேக்குக்கு முன்னால் அவருடைய ஆட்களே புல்டோசர் மாதிரி இடித்துத் தள்ளி வழி உண்டாக்கிக்கொண்டு போவார்கள். அந்த வழி எங்கே திறக்கும், எப்போது மூடும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் சுவாரஸ்யமே.

தலையணையை எடுங்கள்!

முதல் வரிசையில் ஐந்து பேர் தோளோடு தோள் சேர்த்து நிற்பார்கள். ஒவ்வொருவரும் அநேகமாக 130 கிலோவுக்கு மேல்! அவர்களுக்குப் பின்னால் குவார்ட்டர்பேக். அவருக்கும் பின்னால், ஏறக்குறைய 7 கஜம் தள்ளி ரன்னிங் பேக். பின்னால் நிற்பதால்தான் 'பேக்' என்று பெயர்.

நடுவில் இருப்பவர் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பந்தைக் குவார்ட்டர்பேக்கிடம் தள்ளுவார். குவார்ட்டர்பேக் திரும்பி, ஓடி வரும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் பந்தை வைப்பார். இதற்கு 'ஹேண்ட் ஆஃப்' என்று பெயர். பார்க்க ரொம்பச் சுலபம். ஆனால் செய்வது?

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு சின்னத் தலையணையை அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுங்கள். நீங்கள் தள்ளி நின்று ஓடி வாருங்கள். தலையணை வரும் பக்கத்துக் கையை மார்புக்கு நேராக மடக்கி மேலே வையுங்கள். இன்னொரு கையை வயிற்றுக்குக் கீழே ஏந்திக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு கைக்கும் நடுவே ஒரு 'பை' மாதிரி இருக்கிறதா? அதற்குள் தலையணையை வைத்ததும் மேலும் கீழும் கைகளை அழுத்தி மூடிக்கொண்டு ஓட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: தலையணையைப் பார்க்கவே கூடாது! கண் எதிரே இருக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும். பந்தைப் பார்க்கக் குனிந்தால் அந்த அரை விநாடியில் வழி மூடிவிடும்.

ஐந்து முறை செய்து பாருங்கள், எத்தனை முறை தலையணை கீழே விழுகிறதென்று. (கண்ணாடிச் சாமான் இல்லாத அறையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்!)

உங்களுக்கு விழுந்தால் பரவாயில்லை. பெரிய வீரர்களுக்கே விழுந்திருக்கிறது. 1978 நவம்பர் 19 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை 17-12 என்று முந்திக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய அரை நிமிடம்தான் பாக்கி. குவார்ட்டர்பேக் பந்தோடு சும்மா கீழே உட்கார்ந்தாலே ஜெயித்துவிடலாம். அதை விட்டுவிட்டு ஒரு 'ஹேண்ட் ஆஃப்' செய்தார்கள். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒழுங்காகச் சேரவில்லை. பந்து நழுவித் தரையில் துள்ளியது. ஈகிள்ஸ் வீரர் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை லபக்கென்று அள்ளிக்கொண்டு ஓடிப்போய் டச்டவுன் போட்டுவிட்டார்! 19-17. கையிலிருந்த வெற்றி போயே போச்சு. அதற்குப் பிறகு, முந்தி நிற்கும் அணிகள் கடைசி விநாடிகளில் பந்தை யாரிடமும் கொடுப்பதில்லை. குவார்ட்டர்பேக் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு விநாடிக் கதவு

சரி, பந்து கைக்கு வந்துவிட்டது. இனி எங்கே ஓடுவது?

எந்த இரண்டு பேருக்கு நடுவே ஓட வேண்டும் என்று முன்பே திட்டம் போட்டிருப்பார்கள். ஆனால் எதிரணிக்காரர்கள் சும்மாவா இருப்பார்கள்? திட்டமிட்ட இடத்தில் சுவர் மாதிரி வந்து அடைத்துக்கொள்வார்கள். அப்போது வேறு எங்கோ ஒரு சந்து திறக்கும். ஒரு விநாடி திறந்திருந்தாலே அதிகம். அதைக் கண்டுபிடித்து, ஒரு காலை ஊன்றி, சட்டென்று திரும்பி அதற்குள் நுழைய வேண்டும். நல்ல ரன்னிங் பேக்கிடம் வேகத்தைவிட இந்தக் கண்தான் முக்கியம் என்பது என் கட்சி. ஒலிம்பிக் ஓட்டக்காரரைக் கூட்டி வந்து நிறுத்தினாலும் சந்து தெரியாவிட்டால் சுவரில்தான் முட்டுவார்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் லெவியன் பெல் என்று ஒருவர் இருந்தார். பந்து கைக்கு வந்ததும் ஓடவே மாட்டார்! ஏறக்குறைய நின்றுவிடுவார். எதிரணிக்காரர்கள் குழம்பி ஆளுக்கொரு பக்கம் நகர்வார்கள். சந்து திறந்ததும் புகுந்துவிடுவார். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பதை அவர் அமெரிக்காவிலேயே படித்திருப்பாரோ என்னவோ!

உயரமாக இருந்தால்தான் விளையாட முடியும் என்று நினைக்காதீர்கள். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பாரி சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குலம்தான். அவரைப் பிடிக்கப் போனவர்கள் காற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். முன்னால் வழி இல்லையென்றால் பின்னால் ஓடுவார், பக்கவாட்டில் ஓடுவார், சுழன்று திரும்பி மறுபடி முன்னால் ஓடுவார். 1997-ல் ஒரே ஆண்டில் 2,053 கஜம் ஓடினார். டச்டவுன் போட்டால் மற்றவர்கள் ஆட்டம் பாட்டம் என்று அமர்க்களப்படுத்துவார்கள். இவர் பந்தை நடுவரிடம் பவ்யமாகக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். 1999-ல், இன்னும் 1,457 கஜம் ஓடினால் மொத்த ஓட்டத்தில் உலக சாதனையைத் தொட்டுவிடலாம் என்ற நிலையில், தன் ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். 'நான் ஓய்வு பெறுகிறேன்' என்பதுதான் செய்தி! ரசிகர்கள் திகைத்துப் போனார்கள்.

பந்தைப் பத்திரமாகப் பிடிப்பதும் ஒரு கலை. எதிரணிக்காரர்கள் ஆளைத் தள்ளுவதோடு விடமாட்டார்கள். பந்தைக் குத்துவார்கள், இழுப்பார்கள், பிடுங்குவார்கள். டிக்கி பார்பர் என்ற ஜயன்ட்ஸ் வீரர் 2003-ல் மட்டும் 9 முறை பந்தை நழுவவிட்டார். கூட்டம் அவரைக் கேலி செய்தது. அடுத்த ஆண்டு புதிதாக வந்த பயிற்சியாளர்கள், பந்தைத் தொங்கவிடாமல் மார்புக்கு மேலே ஏற்றி, முழங்கையை இடுக்கி அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பிடியை மாற்றினார், அவ்வளவுதான். 2005-ல் நழுவவிட்டது ஒரே ஒரு முறை! அந்த ஆண்டு அவர் ஓடியது 1,860 கஜம். அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம்.

பந்து இல்லாதபோதும் வேலை உண்டு!

'ரன்னிங்' என்று பெயர் இருப்பதால் ஓடுவது மட்டும்தான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். குவார்ட்டர்பேக் பந்தை வீசும்போது ரன்னிங் பேக் சில சமயம் தானே ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். 2019-ல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்பவர் ஓடியே ஆயிரம் கஜத்துக்கு மேலும், பந்தைப் பிடித்து ஆயிரம் கஜத்துக்கு மேலும் எடுத்தார். அந்த விளையாட்டில் அதற்கு முன் இரண்டே பேர்தான் ஒரே ஆண்டில் இப்படிச் செய்திருந்தார்கள்.

சில சமயம் அவர் காவல்காரராக வேண்டும். குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க எதிரணியின் 110 கிலோ ஆசாமி ஒருவர் தலைதெறிக்க ஓடி வருவார். அவரை நடுவழியில் மோதி நிறுத்துவது ரன்னிங் பேக்கின் பொறுப்பு. யார் வரப்போகிறார், எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். தப்பாக ஊகித்தால் குவார்ட்டர்பேக் மல்லாந்துவிடுவார். இந்த வேலைக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. தொலைக்காட்சிக் கேமராவும் பந்து போகும் பக்கமே போய்விடும்.

இதையே முழுநேர வேலையாகச் செய்பவருக்கு 'ஃபுல்பேக்' என்று பெயர். அவரும் ரன்னிங் பேக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். ஆனால் பந்து அவர் கைக்கு அபூர்வமாகத்தான் வரும். முன்னால் ஓடி, மோதி, வழி உண்டாக்கிக் கொடுப்பார். பின்னால் வருகிறவர் அந்த வழியில் ஓடிப் பெயர் வாங்குவார். லொரென்ஸோ நீல் என்ற ஃபுல்பேக்கைக் கேளுங்கள். 1997 முதல் 2007 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள், அவர் யாருக்கு முன்னால் ஓடினாரோ அவர் அந்த ஆண்டு ஆயிரம் கஜத்தைத் தாண்டினார்! அணி மாறினார், ஊர் மாறினார், பின்னால் ஓடுகிற ஆளும் மாறினார். ஆயிரம் மட்டும் மாறவில்லை. 2006-ல் சான் டியாகோ அணியின் லடேனியன் டாம்லின்சன் 31 டச்டவுன்கள் போட்டுச் சாதனை படைத்தாரே, அவருக்கு முன்னால் இடித்துக்கொண்டு போனவரும் இதே நீல்தான்.

இன்னொரு வேலையும் உண்டு. ஏமாற்றுவது! பந்து தன்னிடம் இருப்பதுபோல வயிற்றை அணைத்துக்கொண்டு குனிந்து ஓட வேண்டும். எதிரணி அவர் மேல் பாயும். பந்து வேறெங்கோ போயிருக்கும். இப்போது சான் டியாகோ மைதானத்துக்குத் திரும்புவோமா?

டெரல் டேவிஸ் மங்கிய கண்ணோடு தன் இடத்தில் நிற்கிறார். ஒரே ஒரு கஜம். அந்த ஆண்டு முழுவதும் இந்த மாதிரி நேரத்தில் டென்வர் அணி பந்தைக் கொடுத்தது டேவிஸிடம்தான் என்று எதிரணிக்குத் தெரியும். பந்து கிளம்புகிறது. குவார்ட்டர்பேக் ஜான் எல்வே திரும்பிப் பந்தை டேவிஸின் வயிற்றில் வைப்பதுபோல நீட்டுகிறார். டேவிஸ் வெறும் கையை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறார். எதிரணி மொத்தமும் அவரை நோக்கிச் சாய்கிறது. எல்வே பந்தை ஒளித்துக்கொண்டு வலது பக்கமாகத் தனியே ஓடி, யாரும் தொடாமல் கோட்டைத் தாண்டிவிட்டார். டச்டவுன்!

அதன் பிறகு டேவிஸ் இடைவேளை வரை ஆடவில்லை. மருந்து வேலை செய்து பார்வை தெளிந்ததும் மறுபடி வந்தார். இன்னும் இரண்டு டச்டவுன்கள் போட்டார். முதலில் போட்டதோடு சேர்த்து மூன்று. ஓடியது 157 கஜம். டென்வர் 31-24 என்று ஜெயித்தது. சிறந்த ஆட்டக்காரர் பரிசு டேவிஸுக்கு! ஆனால் கையில் பந்தே இல்லாமல் அவர் ஓடிய அந்த ஓட்டம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் வீரக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. தலையில் அடிபட்டுக் கண் தெரியாதவரை உள்ளே அனுப்பியது சரியா? இந்த விளையாட்டில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மூளை நோய் வந்திருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் இப்போது விதிகள் கடுமையாகிவிட்டன. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அணியைச் சேராத ஒரு மருத்துவரும் பரிசோதிப்பார். மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் அன்று அவருக்கு ஆட்டம் கிடையாது. அங்குள்ள பிள்ளைகள் பலர் 'ஃபிளாக் ஃபுட்பால்' ஆடுகிறார்கள். அதில் யாரையும் தள்ளக்கூடாது. இடுப்பில் தொங்கும் ரிப்பனை உருவினால் போதும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பதின்மூன்று ஆண்டில் பதினைந்து கிலோமீட்டர்!

ரன்னிங் பேக் என்றதும் அமெரிக்கத் தாத்தாக்கள் உடனே சொல்லும் பெயர் வால்டர் பேட்டன். மிசிசிபி மாநிலத்தில் கொலம்பியா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பள்ளியில் முதலில் இவர் ஃபுட்பால் ஆடவில்லை. பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார்! அண்ணன் எடி ஆடினார். அண்ணன் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் தம்பி களத்தில் இறங்கினார்.

1975 முதல் 1987 வரை 13 ஆண்டுகள் சிகாகோ பேர்ஸ் அணிக்கு ஆடினார். காயத்தால் அவர் உட்கார வைக்கப்பட்டது ஒரே ஒரு ஆட்டத்தில்தான். அதுவும் முதல் ஆண்டில். 1977-ல் ஒருநாள் ஃபுளூ காய்ச்சல். படுத்திருக்க வேண்டியவர், மைதானத்துக்கு வந்து 275 கஜம் ஓடினார். ஒரே ஆட்டத்தில் அது அன்றைய சாதனை! 2000-ம் ஆண்டு வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

எப்படி முடிந்தது? சிறு வயதில் ஆற்றங்கரை மணலில் ஓடிப் பழகினார். சிகாகோ வந்த பிறகு செங்குத்தான ஒரு மேட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் ஏறி ஏறி இறங்கினார். கூட ஓட வந்த வீரர்கள் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்களாம். ஓட்டத்தின் முடிவில், மற்றவர்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் மோதலைத் தவிர்ப்பார்கள். இவர் போக மாட்டார். வருகிறவரை இவரே போய் மோதுவார்!

13 ஆண்டுகளில் பேட்டன் ஓடிய மொத்த தூரம் 16,726 கஜம். அடேங்கப்பா என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள், வெறும் 15 கிலோமீட்டர் சொச்சம்தான்! சைக்கிளில் போனால் ஒரு மணி நேரம். ஆனால் அந்தப் பதினைந்து கிலோமீட்டரை அவர் 3,838 துண்டுகளாக ஓடினார். ஒரு துண்டு என்பது சராசரியாக 13 அடி. பெரும்பாலான துண்டுகளின் முடிவில் யாரோ ஒருவர் அவர் மேல் வந்து விழுந்தார். இப்போது சொல்லுங்கள் அடேங்கப்பா!

1986 ஜனவரி 26 அன்று பேட்டனின் அணி முதன்முறையாக சூப்பர் பவுலுக்குப் போனது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை 46-10 என்று துவைத்து எடுத்தது. எதிரணி அன்று பேட்டனைச் சுற்றியே வட்டமிட்டது. அதனால் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. ஐந்து டச்டவுன்கள். அதில் ஒன்றுகூட பேட்டன் போட்டதில்லை! கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் பந்து இருந்தபோது, 'ஃபிரிஜ்' என்று செல்லப் பெயர் கொண்ட 140 கிலோ இளைஞர் வில்லியம் பெர்ரியிடம் பந்தைக் கொடுத்தார்கள். அவர் போட்டார், ஊரே சிரித்து மகிழ்ந்தது. பதினோரு ஆண்டு காத்திருந்த பேட்டனுக்கு மனசு உடைந்துவிட்டது. அணி ஜெயித்தும் அவர் முகத்தில் சிரிப்பில்லை. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் போனோமே என்று பயிற்சியாளர் மைக் டிட்கா பிற்காலத்தில் பல முறை வருந்தினார். பேட்டனுக்கு இன்னொரு சூப்பர் பவுல் வாய்க்கவே இல்லை.

1999 பிப்ரவரியில், தனக்கு அபூர்வமான கல்லீரல் நோய் என்று பேட்டன் அறிவித்தார். உறுப்பு தானம் பற்றி நாடே பேசத் தொடங்கியது. அவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த முடியாமலே நோய் முற்றிவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று காலமானார். அவருடைய 16,726 கஜத்தை 2002-ல் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் எமிட் ஸ்மித் தாண்டினார். ஸ்மித் மொத்தம் ஓடியது 18,355. இன்றுவரை அதை யாரும் நெருங்கவில்லை.

ஏன் நெருங்கவில்லை என்றால், இந்த வேலையில் உடம்பு அவ்வளவு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. டெரல் டேவிஸ் 1998-ல் 2,008 கஜம் ஓடினார். அடுத்த ஆண்டே முழங்கால் போயிற்று. மொத்தம் ஏழே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. ஃபிராங்க் கோர் மாதிரி 37 வயது வரை ஆடி, கரெக்டாக 16,000 கஜத்தோடு நிறுத்தியவர்கள் அபூர்வம். (அவருக்குக் கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது!) 30 வயது நெருங்கினாலே அணி முதலாளிகள், "இனி இவருக்கு எதற்குப் பெரிய சம்பளம்?" என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரரை, குறிப்பிட்ட சம்பளத்துக்கு இன்னும் ஓராண்டு நிறுத்தி வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. 2023-ல் அந்தச் சம்பளம் குவார்ட்டர்பேக்குக்கு 3 கோடி டாலருக்கு மேல். ரன்னிங் பேக்குக்கோ சுமார் 1 கோடி! நமக்கு அதுவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் நாலைந்து வருடத்தில் உடம்பு முடிந்துவிடும் என்று தெரிந்தவர்களுக்கு அது பெரிய கவலை. அந்த ஆண்டு ஜூலையில் ரன்னிங் பேக்குகள் பலர் சேர்ந்து கணினி வழியே கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

அந்தச் சிக்கலில் மாட்டியவர்களில் ஒருவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் சக்குவான் பார்க்லி. 2020-ல் முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டைத் தொலைத்தவர். 2024-ல் ஜயன்ட்ஸை விட்டு, எந்த அணியோடு அவர்களுக்கு ஏழாம் பொருத்தமோ அதே பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்குக் கோபமான கோபம்!

அந்த ஆண்டு பார்க்லி ஆடிய ஆட்டம் இருக்கிறதே! நவம்பர் 3 அன்று ஒரு பந்தைப் பிடித்தார். ஒருவரைச் சுழன்று ஏமாற்றினார். எதிரே இன்னொருவர் குனிந்து பாய்ந்து வந்தார். பார்க்லி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்படியே பின்பக்கமாக எம்பி, அந்த ஆளைத் தாண்டிக் குதித்துவிட்டார்! பார்க்காமலே! (இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.)

ஒரே ஆண்டில் அதிக கஜம் ஓடிய சாதனை 1984-லிருந்து எரிக் டிக்கர்சன் என்பவரிடம் இருக்கிறது. 2,105 கஜம். கடைசி ஆட்டத்துக்கு முன் பார்க்லி 2,005-ல் நின்றார். இன்னும் 101 கஜம் ஓடினால் நாற்பது ஆண்டுச் சாதனை காலி! கடைசி ஆட்டம் யாரோடு தெரியுமா? அவரை விட்ட ஜயன்ட்ஸ் அணியோடு! சினிமாவில்கூட இப்படி அமையாது. ஆனால் ஈகிள்ஸ் ஏற்கனவே அடுத்த சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது. இந்த ஆட்டத்தில் காயம் பட்டால் என்ன ஆவது? பயிற்சியாளர் நிக் சிரியானி அவரை உட்கார வைத்துவிட்டார். பார்க்லி ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்தார். சாதனை டிக்கர்சனிடமே தங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, கொட்டும் பனியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக பார்க்லி 205 கஜம் ஓடினார். அப்புறம் 2025 பிப்ரவரி 9 அன்று சூப்பர் பவுல். எதிரே கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ். அவர்கள் பார்க்லியை மடக்குவதிலேயே குறியாக இருந்தார்கள். 25 முறை பந்தோடு ஓடியும் அவருக்குக் கிடைத்தது 57 கஜம்தான். ஆனால் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால், குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் நிதானமாகப் பந்தை வீசினார். 40-22 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. அன்றுதான் பார்க்லிக்கு 28-வது பிறந்த நாள்!